சீல் வைத்த பெட்டி

"ஆட்சி மாறும்னு தெரிஞ்சிருந்தா இந்தச் சோலார் பம்பையே போட்டிருக்க மாட்டேன், தாயி" என்றார் அருளானந்தம்.

பஞ்சவர்ணம் நிமிரவில்லை. அடிகுழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பாடு கெடக்கட்டும்."

"அப்ப இந்தக் கம்பியப் பிடிங்க."

பிடித்தார்.

அவர் சோலார் பம்பு வடிவமைக்கும் என்ஜினியர். வயது ஐம்பத்திரண்டு. அவள் கடலாடிக்குத் தெற்கே ஏழு ஊர்களுக்கு அடிகுழாய் பழுது பார்ப்பவள். அவரைவிட எட்டு வயது இளையவள்.

முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தபோது, கருவி வைத்துப் பார்த்து, நல்ல தண்ணீர் என்று ஓர் இடத்தைக் குறித்தார். உப்பு என்றாள் அவள். தோண்டினார்கள். உப்பு.

அன்றிலிருந்து அவருக்கு அவள்தான் குரு. ஆபீசில் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

"மானியம் நின்னுச்சு" என்றார் கம்பியைப் பிடித்தபடியே. "திட்டத்துக்குப் பேரை மாத்துனாங்க. பழைய பேர்ல இருந்த பம்பை எல்லாம் அப்படியே விட்டுட்டாங்க. வெளிநாட்டுச் சாமானுக்கு வரி ஏறுச்சு. பழுது பார்க்கிற கம்பெனிக்காரன் கதவைச் சாத்திட்டான். நாப்பது பம்பு போட்டேன். முப்பத்தொண்ணு நின்னுபோச்சு. நான் என்ன தாயி தப்பா வரைஞ்சேன்?"

பஞ்சவர்ணம் ஒரு பழைய லாரி டியூபை மடியில் வைத்து, பிளேடால் வட்டமாக வெட்டினாள்.

"இது கம்பெனி வாஷர் இல்லையே?"

"அது வர்றது நின்னு மூணு ஆட்சி ஆச்சு."

வெட்டியதை மாட்டினாள். குழாயை இறக்கிப் பூட்டி அடித்தாள். பத்தாவது அடியில் தண்ணீர் வந்தது. காத்திருந்த பெண்கள் குடத்தை நீட்டினார்கள்.

அருளானந்தத்தின் முகம் வாடியது.

"அப்ப இதுவே போதும்ங்கிறீங்க. என் பம்பு வேண்டாம்."

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அது தோளோடு நின்றுவிட்டது.

"இதுக்கு மேல ஏறாது. இருபது வருஷம் குழாய் தூக்குன கை. உங்க பம்பு ஓடுன பதினோரு மாசம் இந்த ஊருப் பொம்பளைங்க யாரும் தோளுக்குத் தைலம் தேய்க்கல சார். வேண்டாம்னு யாரு சொன்னா?"



"வாங்க" என்று நடந்தாள்.

கூப்பிடு தூரத்தில் சோலார் பம்பு நின்றது. அதன் தகடுகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"யாரு துடைக்கிறா?"

"நாங்கதான். ஓடலன்னாலும் நம்ம பம்புதானே."

தகடுகளுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி. அதில் அரக்கு நிறத்தில் சீல்.

"திறங்க" என்றாள்.

"திறக்கக் கூடாது தாயி. சீல் உடைஞ்சா வாரண்டி போயிரும். கம்பெனி ஆளுதான்..."

"கம்பெனி எங்க?"

"மூடியாச்சு."

"அப்புறம் யாருக்குப் பயப்படுறீங்க?"

அருளானந்தம் அந்தச் சீலை விரலால் தடவினார்.

"சீல் வைக்கச் சொன்னதே நான்தான்" என்றார். "கண்டவங்களும் கை வச்சிரக் கூடாதுன்னு."

"கண்டவங்கன்னா?"

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். ரப்பர் கறுப்பும் கிரீசும் படிந்த கைகள்.

தகடுகளிலிருந்து வரும் சுவிட்சை அணைத்தார். கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தார். இரண்டு போடு. சீல் தெறித்தது.

உள்ளே, இரண்டு முனைகளுக்கு நடுவில், ஒயர் ஓட்டை வழியே நுழைந்து காய்ந்து சருகான ஒரு பல்லி. பக்கத்தில் கருகிய ஃபியூஸ். கட்டைவிரல் நீளம். முதுகுளத்தூர்க் கடையில் கிடைக்கும்.

அருளானந்தம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பல்லி! கோட்டைக்குப் பதினாலு மனு எழுதினேன் தாயி. பதினாலு!" சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக.

"சார், இந்தச் சிவப்பு ஒயரு எங்க போவுது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்க அவர் விட்டதுமில்லை.

"சொல்றேன்" என்று முழங்காலிட்டு நகர்ந்து வந்தார். "இது மோட்டாருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி..."

"இருங்க, இருங்க."

பஞ்சவர்ணம் எழுந்தாள். அடிகுழாய்ப் பக்கம் திரும்பி, ஏறுகிற இடது கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"ஏ, குடத்தை வச்சிட்டு எல்லாரும் இங்க வாங்கடி!"