மாவடுவுக்கு ஒரு வாடகை வீடு

சொக்கனூரணி ஆட்கள் எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்ய மாட்டார்கள். கூடி உட்கார்ந்து, மண்டையை உடைத்துக்கொண்டு, நிதானமாகத்தான் தப்பாகச் செய்வார்கள்.

அந்த ஊர் அஞ்சுகத்துக்கு ஒரு ஆசை. மாமியாரின் மாவடுப் பக்குவத்தை இணையத்தில் வலைப்பூவாக எழுத வேண்டும். ஆசை என்ன ஆசை, வெறி! மதுரையில் இருக்கிற நாத்தனார் செண்பகவல்லியும் அதே மாவடுவை எழுதப்போவதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாள். யார் முந்துகிறார்களோ அவர் பேர்தான் நிற்கும். அதை நினைத்து அஞ்சுகத்துக்குச் சோறே இறங்கவில்லை.

ஹோஸ்டிங் விற்கிற கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தங்கமானவள். "வெப்சைட்டுன்னா ஒரு வீடு மாதிரி மேடம். ஹோஸ்டிங் எடுக்குறது அதுக்கு வாடகைக்கு இடம் பிடிக்கிற மாதிரி" என்று பொறுமையாக விளக்கினாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

வீடு என்றதும் அஞ்சுகத்தின் புருஷன் தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிர்வீட்டு வேலப்பனையும் கூப்பிட்டான். வேலப்பன் வீட்டுத் தரகர். அவர் பிடித்துக் கொடுத்த வீட்டில் இதுவரை யாரும் நிலைத்ததில்லை, அது வேறு விஷயம்.

"வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" என்று போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு ஆரம்பித்தார் வேலப்பன்.

"சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு சார்."

"சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே. அப்ப சரி."

"ஷேர்டு பிளான் எடுத்தா செலவு கம்மி. ஒரே சர்வர்ல இன்னும் நிறையப் பேரோட சைட்டும் இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

அஞ்சுகம் போனைப் பிடுங்கினாள். "பக்கத்துக் குடித்தனம் எப்படிப்பட்டவங்க? ஈரக்கையோட ஜாடியைத் தொடுறவங்களா இருந்தா வேணாம். மாவடு பூசணம் பிடிச்சிடும்."

அந்தப் பெண் "அப்போ பெரிய பிளான் எடுத்துக்கோங்க மேடம். அளவில்லாத இடம். முதல் மாசம் இலவசம்" என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தணிகாசலம் போனைக் கையால் பொத்தினான்.

"அளவில்லாத இடமாம். யாரு பெருக்கித் துடைக்கிறது?" என்றாள் அஞ்சுகம்.

"அதை விடு. சும்மா தர்றேங்கிறாளே, ஏன்?" என்று குரலைத் தாழ்த்தினான் தணிகாசலம்.

"பேய் வீடு" என்றார் வேலப்பன். "இந்தத் தொழில்ல எத்தனை பார்த்திருக்கேன்! காசு கேக்குற இடமாப் பாரு தங்கச்சி."

ஆக, இருப்பதிலேயே சின்ன பிளானாகப் பார்த்து எடுத்தார்கள். அதற்கும் முதல் மாதம் இலவசம் என்று வந்தது. வேண்டவே வேண்டாம், வாடகையை வாங்கிக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கட்டினார்கள்.

பணம் கட்டியதும் எழுத உட்கார்ந்த அஞ்சுகத்தின் கையைத் தணிகாசலம் தட்டிவிட்டான். "பால் காய்ச்சாம சாமானை ஏத்துவியா?"

"அதுக்குள்ள உங்க அக்கா போட்டுடுவாங்க!"

"போட்டா போடட்டும். ஆகாத நேரத்துல குடிபோனா மாவடு உருப்படுமா?"

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வரும்வரை அஞ்சுகம் நெருப்பின்மேல் நின்றாள். வெள்ளியன்று வெற்றுப் பக்கத்தைத் திறந்து லேப்டாப்பைக் கிழக்கே வைத்து, அதை ஒட்டி அடுப்பை வைத்தார்கள். பால் பொங்கி லேப்டாப்புக்குள் இறங்கியது.

"வீட்டுக்குள்ளயே பொங்கிடுச்சு! யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்!" என்று குதித்தார் வேலப்பன். லேப்டாப் அதோடு கண்ணை மூடியது.

அஞ்சுகம் போனிலேயே தட்டித் தட்டி எழுதிப் போட்டுவிட்டாள். நாத்தனார் இன்னும் போடவில்லை. ஜெயித்தாச்சு! முகவரியை ஊருக்குச் சொல்லுமுன் ஒரு தடவை திறந்து பார்த்தாள். கீழே, 'வந்தவர்கள்: 1' என்று இருந்தது.

"என்னங்க, யாரோ உள்ளே வந்திருக்காங்க!"

"இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லையே" என்று தணிகாசலம் தன் போனில் போய்ப் பார்த்தான். ரெண்டு என்றது. வேலப்பன் பார்த்தார். மூணு.

"நாம நுழையும்போதெல்லாம் பின்னாடியே ஒருத்தன் நுழையுறான்" என்றார் வேலப்பன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சி, ஆள் நடமாடுற வீட்டுல மாவடுவை வைக்காதே."

அஞ்சுகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் திருடனுக்குக் கொடுப்பதா? எழுதியதையெல்லாம் ஒரு வரி விடாமல் அழித்துவிட்டாள்.

சாயங்காலம் செண்பகவல்லி போன் பண்ணினாள். "அஞ்சுகம், எங்க அம்மா மாவடுவை நான் போட்டாச்சு! தம்பி அனுப்பின முகவரியைத் திறந்தா உன்னோடது காலியாக் கிடக்கே?"

அஞ்சுகம் தோல்வியை விழுங்கிக்கொண்டு கேட்டாள்: "சந்தோஷம் மதினி. போட்டதுக்கு அப்புறம் உங்களோடதைத் திறந்து பார்த்தீங்களா? யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இரு, பார்க்குறேன்." அடுத்த நிமிஷம் ஓர் அலறல். "ஐயையோ! உள்ளே ஒருத்தன் இருக்கான்டி!"

அஞ்சுகத்துக்கு அப்பாடா என்றிருந்தது. "பயப்படாதீங்க மதினி, எங்க வீட்டுக்கு வந்தவன்தான். இங்கே மாவடு இல்லேன்னதும் அங்கே வந்துட்டான். வெறும் மாவடுவைத் தின்னா வயித்தைக் கடுக்கும். கொஞ்சம் மோர்ச்சோறும் சேர்த்துப் போட்டு வைங்க."