நாக்கு கட்டிய மணி

“இந்தப் புள்ளைய எத்தனை சீக்கிரம் எழுப்பறனோ, அத்தனைக்கு மார்க் எறங்குதுங்க சாமி. ஏனுங்க?”

கேட்டவள் சுகுணா. ஒரு தனியார் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு வார்டன். குன்றின் மேல் தனியாக முருகனுக்குப் பூசை செய்து வந்த சாமியாரிடம் பல வருடமாக வந்து போகிறவள். சாமியார் அவளைவிட வயதில் சின்னவர். பேச்சு அதைவிடச் சின்னது.

புள்ளை என்று அவள் சொன்ன பவதாரணி, பன்னிரண்டாம் வகுப்பு, பின்னால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே மொதலாவதுங்க. இப்ப எந்தப் பரிச்சையிலயும் விடை பாதியிலயே நிக்குது. அரைப் பரிச்சையிலயும் கோட்டை உட்டா டி.சி. குடுத்துருவேன்னு தாளாளர் சொல்லிப்புட்டாரு. அவங்கம்மா மில்லுல நின்னு சம்பாதிக்குது. நாந்தானுங்க கூட்டியாந்து சேத்தேன்.”

“படிக்கறாளா?”

“படிக்கறதா! நடுச்சாமம் வரைக்கும் படிச்சாலும், நான் மணி அடிச்சா போதும், வராந்தாவுல வந்து நின்னுருவா. உக்காந்து படிக்க உடமாட்டோமுங்க, தூங்கிருவாங்க. நின்னுட்டு, சத்தமா. மத்ததுக ஓஞ்சாலும் இவ வாய் ஓயாது.”

“எப்ப எழுப்பறீங்க அம்மிணி?”

“மொதல்ல சேவல் கூவறப்ப. மார்க் எறங்குச்சு. அப்பறம் சேவலுக்கு முந்தி. இன்னும் எறங்குச்சு. இனி அதுக்கும் முந்தி எழுப்பிப் பாக்கலாமுங்களா?”

“சேவல் எப்ப அடையும்?”

“பொழுது உழுந்ததும் அடைஞ்சுருமுங்க.”

“சரி” என்றார் சாமியார்.

அவ்வளவுதான். மார்க்கைக் கேட்டால் கோழிக்கதை பேசுகிறாரே என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. கேள்வியே புரியவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

புள்ளைக்காவது திருநீறு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பினாள். பவதாரணி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சுகுணாவுக்கு மானமே போயிற்று. உலுக்கக் கையை நீட்டினாள்.

“தொடாதீங்க.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. பூசை நேரம். சுகுணாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். கோயில் மணி அடித்தால் அடிவாரம் வரைக்கும் கேட்கும். புள்ளை எழாமல் எங்கே போவாள்?

சாமியார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மணியின் நாக்கில் சுற்றினார். முடிச்சுப் போட்டார். பிறகு கற்பூரத்தை ஏற்றி, சத்தமில்லாமல் காட்டினார்.

சுகுணாவுக்குப் பதறியது. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட விடுதி மணியை அவள் அடிக்காமல் விட்டதில்லை.

“மணி அடிக்காத பூசை சேருமுங்களா சாமி?”

“முருகன் முழிச்சுட்டுத்தான் இருக்கறான்.”

“அப்ப மணி எதுக்குங்க?”

சாமியார் திருநீற்றை நீட்டினார். பிறகு வெளியே போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டார்.

சுகுணாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோபமும் வந்தது. இங்கே வீணான பொழுதில் ஒரு பாடத்தையே முடித்திருக்கலாம்.

அப்போது பின்னால் குரல் கேட்டது.

“ஒளிக்கதிர் ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது… ஒளிக்கதிர் ஓர் ஊடகத்திலிருந்து…”

எழுந்துவிட்டாள்! எழுந்ததும் படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்! சுகுணா பூரித்துப்போய்த் திரும்பினாள்.

பவதாரணியின் கண் மூடியிருந்தது. தலை தோளில் சரிந்து கிடந்தது. உதடு மட்டும் ஓடியது.

“…மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது… ஒளிக்கதிர் ஓர்…”

வராந்தாவில் தினமும் கேட்கும் அதே குரல். அதே வேகம். அங்கேயும் அது இந்த வரியைத் தாண்டிப் போனதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

சுகுணா மெல்ல நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பவதாரணி திடுக்கிட்டாள். பாதிக் கண் திறந்தது. கை புத்தகத்தைத் தேடித் தரையைத் துழாவியது.

“மணி அடிச்சுருச்சுங்களா மிஸ்?”

சுகுணா, துண்டு சுற்றிய மணியைப் பார்த்தாள்.

“இன்னும் அடிக்கல கண்ணு. தூங்கு.”