இலவம்பஞ்சு மெத்தையும் ஈரக் களிமண்ணும்

குளக்கரை மருத மரத்தடியில் அன்று கண்காட்சி. வீட்டுச் சாமான்களின் கண்காட்சி! காட்டில் உள்ளவர்கள் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

ஊர் ஊராகப் பறந்து திரிந்த கூழைக்கடாதான் நடுவர். அது நீண்ட அலகை ஆட்டிக்கொண்டு அறிவித்தது:

"கைவேலை பழையதாக இருக்கட்டும். வசதி புதிதாக இருக்கட்டும். ஆனால் ஒன்று! பச்சையாக எதையும் வெட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது. உதிர்ந்தது, காய்ந்தது, வேண்டாமென்று எறிந்தது மட்டும்தான். ஜெயித்தவருக்கு இந்த மரத்தின் மேல்பொந்து!"

அந்தப் பொந்துக்காகத்தான் அணில் வந்திருந்தது. அதன் வயிற்றில் குட்டிகள். கிளைக்கவட்டில் கட்டியிருந்த கூடு போன மழையிலேயே பிய்ந்துபோயிருந்தது. மேற்கே மறுபடியும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

அணில் செய்தது ஒரு மெத்தை. காற்றில் உதிர்ந்த இலவம்பஞ்சை, யாரோ எறிந்த தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்து அந்த நாருக்குள் பொதிந்து தைத்திருந்தது. விரித்தால் படுக்கலாம். மடித்தால் சாய்ந்து உட்காரலாம்.

பக்கத்தில் மைனாவின் தரைவிரிப்பு. பாம்பு உரித்துப்போட்ட சட்டையில் செய்தது. "தொட்டுப் பாருங்க, கடிக்காது!" என்று மைனா கூவிக்கொண்டிருந்தது.

ஆனால் கூட்டமெல்லாம் தூக்கணாங்குருவியைச் சுற்றித்தான். அது குளத்துக்கு மேலே ஓர் ஊஞ்சல் தொட்டிலைப் பின்னித் தொங்கவிட்டிருந்தது. "அடேயப்பா, என்ன பின்னல்!" என்றது முயல். "நாள் பூரா பார்க்கலாம்!" என்றது தவளை.

அணில் மைனாவின் பக்கம் திரும்பியது.

"பார்த்தியா மைனா! என் மெத்தைகிட்ட ஒரு ஈகூட வரலை!"

"மெத்தையில ஈ வந்தா நல்லாவா இருக்கும் அக்கா?"

"சிரிக்காதே! அவனுக்கென்ன, அலகு இருக்கு. நான் பல்லால கடிச்சுக் கடிச்சுத் தைச்சேன். அதை யார் பார்த்தாங்க?"

மேற்கொண்டு புகழ்ச்சியைக் கேட்கப் பிடிக்காமல் அணில் மரத்துக்குப் பின்னால் போய் வாலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

கூழைக்கடா ஊஞ்சலுக்குள் எட்டிப் பார்த்தது. "உள்ளே ஏனப்பா களிமண்ணை அப்பியிருக்கிறாய்?"

"ஊஞ்சல் ரொம்ப லேசுங்க ஐயா. காத்துல சுத்தாம இருக்கப் பாரம் வைச்சிருக்கேன்" என்றது குருவி.

"பலே! வித்தையே மண்ணில்தான் இருக்கிறது!"

மரத்துக்குப் பின்னால் இருந்த அணிலின் காதில் இந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் விழுந்தது. 'அப்படியா சேதி! மண்ணாலதான் மயக்கியிருக்கானா?'

உச்சிவேளையில் கூழைக்கடா மீன் பிடிக்கப் போனது. மற்றவர்கள் நிழலில் கண்ணயர்ந்தார்கள். அணில் ஊஞ்சலுக்குள் நுழைந்து மண்ணை எல்லாம் சுரண்டியது. கொண்டுவந்து தன் மெத்தையின் நடுவில் வட்டமாகப் பூசியது. தள்ளி நின்று பார்த்தது. ராஜா வீட்டு மெத்தை மாதிரி தெரிந்தது!

கூழைக்கடா திரும்பி வந்தபோது காற்றும் வந்தது. ஊஞ்சல் பம்பரமாகச் சுற்றியது. "ஐயோ, என் மண்ணைக் காணோமே!" என்று குருவி கத்தியது.

எல்லோரும் அணிலின் மெத்தையைப் பார்த்தார்கள். ஈரம் பஞ்சுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மெத்தை கட்டிகட்டியாக, பிழிந்துபோட்ட பழந்துணிபோலக் கிடந்தது.

கூழைக்கடா தலையில் இறக்கையை வைத்துக்கொண்டது. "அடிப் பாவி! பொந்தை உனக்குத் தரத்தானே வந்தேன்!"

"எனக்கா? ஊஞ்சலுக்கு இல்லையா?"

"பச்சை ஓலையைக் கிழிக்காமல் அவனால் எப்படிப் பின்ன முடியும்? விதியைத்தான் முதலிலேயே சொன்னேனே. அவன் போட்டியிலேயே இல்லை!"

"நான் சும்மா காட்டத்தான் வந்தேன் அணிலக்கா" என்றது தூக்கணாங்குருவி. "எனக்கு எதுக்குப் பொந்து? உள்ளே போனா மூச்சு முட்டுமே!"

பொந்து மைனாவுக்குப் போயிற்று. மைனா சிரிக்கவில்லை. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, அணிலின் முகத்தைப் பார்க்காமல் மேலே பறந்து போனது.

முதல் துளி விழுந்தது. அணில் மெத்தையை மடிக்கப் பார்த்தது. மடியவில்லை. மண்பாரத்தோடு அதைத் தன் பிய்ந்த கூட்டை நோக்கி இழுத்துக்கொண்டு நடந்தது.

பொறாமை பிடித்தவர், எதிராளிக்கு என்ன வேண்டும் என்றுகூடக் கேட்காமல், தனக்கு வரவிருந்ததைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வார்.