தாவூது கல்

"என் சிநேகிதனைத் திருடினவன் எவன்டா? தைரியம் இருந்தா முன்னால வாடா!"

விடிந்ததும் விடியாததுமாகச் சங்கரபாண்டி போட்ட சத்தத்தில் கோழிகள் கூரை மேல் ஏறின. அந்த மலைநாட்டு ஊரில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் கோபம் புரிந்தது. ஒதுங்கி நின்றார்கள்.

திருட்டுப் போனது ஒரு கறுப்புக் கல். அதில் வெட்டியிருந்தது, செத்துப்போன தாவூதின் பெயர்.

தாவூது வருஷா வருஷம் சேவைக் குழுவோடு கடல் தாண்டி இங்கே வருவான். வெள்ளம் அடித்துக்கொண்டு போன வீடுகளைக் கட்டிக் கொடுப்பான். இந்த வருஷம் அவன் இடத்தில் சங்கரபாண்டி வந்திருந்தான். விருதுநகரில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன்.

கல்லில் எழுத்தை ஆழமாக வெட்டச் சொன்னது அவன்தான். வெட்டினவனோடு மல்லுக்கட்டி, சுவரோடு ஒட்டப்போகிற பின்பக்கத்துக்கும் ஓசியிலேயே பாலிஷ் போட வைத்தான். விமானத்தில் எடை கூடுதல் என்றவர்களோடு போட்ட சண்டை தனிக் கதை.

புதுப் பள்ளிக்கூடத்து வாசல் சுவரில் கல்லைப் பதிக்க வேண்டும். நாளைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

குழுவை நடத்தியவர் அருளம்மை என்ற துறவி. சங்கரபாண்டியைவிட வயதில் சின்னவர்; அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர்.

"அம்மா, கல்லைக் காணோம்."

"பார்த்தேன் அண்ணாச்சி."

"பார்த்தீங்களா? எங்க?"

அருளம்மை ஒரு மரச்சட்டத்தின் முனையைத் தூக்கினார். "அந்தப் பக்கத்தைப் பிடிங்க. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகணும்."

"நான் கல்லைக் கேக்கிறேன், நீங்க மரத்தைக் காட்டுறீங்க!"

பிடித்தான். நடந்தார்கள்.

"அவன் பேரு இந்த ஊர்ல நிக்கணும்மா. இல்லேன்னா அவன் வந்து போனதுக்கே அடையாளம் இல்லாமப் போயிடும்."

"ம்."

"ம்னா என்னம்மா அர்த்தம்? நான் ஒரு விலை சொன்னா நீங்க ஒரு விலை சொல்லணும். சும்மா ம் கொட்டினா வியாபாரம் எப்படி முடியும்?"

அருளம்மை சிரித்துவிட்டார். "தாவூது பாய் உங்ககிட்ட எப்படிச் சேர்ந்தார்?"

"நான்தான் அவன்கிட்ட சேர்ந்தேன். மார்க்கெட்டுல லோடு ஏத்துற வேலை. எனக்கு லாரி எட்டாது. குட்டையன்னு அத்தனை பேரும் சிரிச்சானுங்க. அவன் வந்து குனிஞ்சான். முதுகுல கால வச்சு ஏறுடான்னான். எனக்குக் கூச்சம். கால வைக்கல."

"அப்புறம்?"

"மரியாதையெல்லாம் மேல போய்க் குடு, இப்ப ஏறித் தொலை, இடுப்பு வலிக்குதுன்னான்."

ஓடை வந்தது.

தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கடக்கிற கற்களில் நடுக்கல் ஒன்றை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அந்த இடத்தில் சின்னக் கற்களை அடுக்கி, மேலே புதிதாக ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

கறுப்புக் கல்.

எதிர்க்கரையிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணி, தாவூதின் பெயர் மேல் காலை ஊன்றினாள். நின்றாள். பின்னால் வந்தவளுக்குக் கை நீட்டி ஏதோ சொன்னாள்.

சங்கரபாண்டி மரச்சட்டத்தைக் கீழே போட்டான். "மிதிக்கிறாங்கம்மா! பேரை மிதிக்கிறாங்க! பேரு அடியில போற மாதிரி கவுத்தாவது போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டுத்தான் பார்த்தாங்களாம். பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழுக்குச்சாம்."

ஓசியில் பாலிஷ் போட வைத்தவன் பேச்சை மாற்றினான்.

"அந்தப் பொண்ணு என்னமோ சொன்னாளே, என்னது?"

"இதுல கால் நிக்குதுன்னு சொன்னா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எடுக்கப் போறேன்."

"எடுத்துக்கோங்க அண்ணாச்சி. உங்க கல்தானே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்கால் வரை சில்லென்று ஏறியது. குனிந்து, கல்லின் இரண்டு ஓரத்தையும் பிடித்தான். எழுத்துப் பள்ளங்களில் சேறு படிந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்தான்.

அப்போது அவன் முதுகில் ஒரு கை ஊன்றியது.

தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண். கடப்பதற்குப் பிடிமானம் தேடியவள், குனிந்திருந்த முதுகைப் பிடித்துக்கொண்டாள். முழுப் பாரமும் அவன் மேல் இறங்கியது. இடுப்பு சுளுக்கியது.

சங்கரபாண்டி நிமிரவில்லை.

அவள் பாதம் அவன் கைகளுக்கு நடுவே, கல்லின் மேல் வந்தது. கல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் தடுமாறினாள். அவன் சட்டென்று கல்லை அமுக்கிப் பிடித்தான்.

அவள் கரை ஏறும் வரை அப்படியே பிடித்திருந்தான்.

பிறகு குனிந்தபடியே ஊரைப் பார்த்துக் கத்தினான்:

"எவன்டா இந்தக் கல்லை வச்சது? ஒரு பக்கம் ஆடுது! இதெல்லாம் ஒரு வேலையா? எங்க ஒளிஞ்சிருந்தாலும் இப்பவே வாடா! அடியில ஜல்லியைக் கொட்டி, ஆடாம ஒழுங்காப் பதிச்சுட்டுப் போடா!"