கூழைப்பாறைக்குத் திரும்பியவன்

“பாறையில் கை வைக்கவே பயமாக இருக்கிறது, அம்மா” என்றான் பூவராகன்.

அவன் பாலைவனத்துக்குத் திரும்பி வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. விடிந்ததும் கூழைப்பாறைக்குப் போவான். அதன் அடியில் உட்கார்ந்திருப்பான். கல் சுடத் தொடங்கியதும் எழுந்து வந்துவிடுவான்.

கூழைப்பாறை மூன்று ஆள் உயரம் இருக்கும். சுற்றிலும் மணலில் அதைப்போல எத்தனையோ பாறைகள் கிடந்தன. ஆனால் பூவராகனும் சேந்தனும் வாலிபத்தில் கயிறு இல்லாமல் ஏறிப் பழகியது அதில்தான். விழுவார்கள். மணலைத் துப்பிக்கொண்டு சிரிப்பார்கள். மறுபடி ஏறுவார்கள்.

அவர்களுக்கு ஏறக் கற்றுக்கொடுத்தவள் தவமணி. துறவி. அவர்களைவிட நாலைந்து வயதுதான் பெரியவள் என்றாலும், இருவரும் அவளை அம்மா என்றே அழைத்தார்கள்.

பிறகு இருவரும் பனிமலைகளைத் தேடிப் போனார்கள். இப்போது பூவராகன் மட்டும் வந்திருந்தான். அவன் காரணம் சொல்லவில்லை. தவமணி கேட்கவில்லை. அன்று அவளும் அவனோடு பாறையடிக்கு வந்திருந்தாள்.

“அவ்வளவு பெரிய மலைகளில் ஏறினவன், இந்தக் கல்லுக்கா பயப்படுகிறாய்?” என்றாள்.

“ஏறினதால்தான் பயம்.”

அவன் எழுந்துபோய்ப் பாறையின் ஒரு விளிம்பைத் தட்டினான். உள்ளே வெற்றுச் சத்தம் கேட்டது.

“கேட்டீர்களா? இது என்றைக்கு வேண்டுமானாலும் பெயர்ந்து வரும். இதைப் பிடித்துத்தான் நாங்கள் தினமும் தொங்கினோம். அதோ, அங்கே கால் வழுக்கினால் கீழே கிடக்கிற இந்தக் கல்லில் விழுந்து இடுப்பு உடையும். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சந்தோஷமாக இருந்தோம்.”

“இதையெல்லாம் எங்கே கற்றாய்?”

பூவராகன் விளிம்பிலிருந்து கையை எடுத்தான்.

“பனிமலையில் சேந்தன் பிடித்த கல் பெயர்ந்து, அவனோடு சேர்ந்து கீழே போய்விட்டது. நான் மேலே இருந்தேன். பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து எந்தக் கல்லைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிறேன்.”

தவமணி மெல்ல மணலில் உட்கார்ந்தாள்.

“இங்கே வந்தால் பழையபடி ஆகிவிடுவேன் என்று நினைத்தேன்” என்றான். “இந்த ஒரு இடம்தான் எனக்கு மிச்சம் இருந்தது. இங்கேயும் ஒன்றும் இல்லை.”

“ஆமாம்” என்றாள் தவமணி.

“ஆமாமா? ஏதாவது சொல்லுங்கள் அம்மா. தெரிந்ததை மறக்க ஒரு வழி சொல்லுங்கள்.”

“எனக்குத் தெரியாது. தெரிந்தால், அவனுக்கு ஏறக் கற்றுக்கொடுத்ததை நான் முதலில் மறந்துவிடுவேன்.”

பூவராகன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

பிறகு செருப்பைக் கழற்றினான்.

“விழுந்தால் விழுகிறேன்” என்றான்.

வேகமாக ஏறினான். எந்தப் பிடியையும் சோதிக்கவில்லை. தட்டிக் காட்டிய அந்த விளிம்பில் முழு எடையையும் போட்டுத் தாண்டினான். உச்சிக்கு இன்னும் ஒரு கை தூரம் இருந்தபோது வலது கால் சறுக்கியது.

விழவில்லை. விரல்கள் தாமாகவே ஒரு வெடிப்புக்குள் புகுந்து இறுகின. நகத்தோரம் ரத்தம் கசிந்தது. பாறையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு மூச்சு வாங்கினான்.

மேலே போக முடியவில்லை. கீழே வரவும் முடியவில்லை.

“அம்மா!”

“இங்கேதான் இருக்கிறேன்.”

தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். தவமணி அவனுக்கு நேர் அடியில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். குச்சி போன்ற கைகள். வெயில் அவள் கண்ணைக் குத்தியது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

“தள்ளிப் போங்கள்! உங்கள் மேலேதான் விழுவேன்.”

“தெரியும்.”

“என்னைத் தாங்க உங்களால் முடியுமா?”

“முடியாது.”

“பிறகு எதற்கு நிற்கிறீர்கள்?”

“நீ இன்னும் மேலே இருக்கிறாயே, பூவராகா.”