எல்லைக்கல் சொன்ன சாட்சி

கல்லுக்குக் கால் முளைக்குமா? மேட்டுப்பட்டியில் முளைத்தது. ஒண்டிக்கட்டை செவந்தி வெளியூருக்கு அறுப்புக்குப் போய்த் திரும்புவதற்குள், மிட்டாதார் பொன்னுரங்கத்தின் எல்லைக்கல் அவள் புன்செய்க் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டது.

"என் தாத்தா நட்ட இடத்துலயேதான் நிக்குது" என்று சாதித்தார் மிட்டாதார்.

விசாரிக்க வந்த தாசில்தார் கல்லின்மேல் இருந்த சாம்பல்நிறத் திட்டுகளைக் காட்டி, "இதென்ன, காக்கா எச்சமா?" என்றார்.

மிட்டாதாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "எச்சம்னா சுரண்டினா உதிர்ந்துடுமுங்க. இது ஓரம் சுருண்டு கல்லோட ஒட்டியிருக்கு பாருங்க. தண்ணி தெளிச்சாப் பச்சையாகும். கல்பாசிங்க! வருசக்கணக்கா வெயில் பட்டாத்தான் இவ்வளவு படரும். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் செவந்தி. "கல்லைப் பிடுங்கிப் பாக்கலாங்களா?"

பிடுங்கினார்கள். மண்ணில் புதைந்திருந்த பாகத்திலும் ஒரு சாணுக்கு அதே திட்டுகள். செவந்தி சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பசேலென்று ஆயின.

"உங்க தாத்தா காலத்துல மண்ணுக்குள்ளயும் வெயில் அடிச்சுதுங்களா, ஐயா?"

மிட்டாதார் கல்லைப் பழைய இடத்துக்குத் தூக்க ஆள் கூப்பிட்டார்.