மேற்கே துப்ப வேண்டிய ராஜா

ரோமுக்கும் பார்த்தியாவுக்கும் நடுவே சிக்கிய சின்ன நாடு சுமைரா. மேற்கே ரோமப் பேரரசு, கிழக்கே பார்த்தியப் பேரரசு. இரண்டு பேரிடமும் நல்ல பேர் வாங்கி வாங்கியே கிழவனாகிப் போனார் அதன் ராஜா ஹைரான். மூத்த மகன் ரோமில் பிணைக்கைதி. இளையவன் பார்த்தியாவில் பிணைக்கைதி. ராஜா போகிற இடமெல்லாம் இரண்டு நாட்டுத் தூதர்களும் கூடவே வருவார்கள்.

வயதான காலத்தில் அவர் மத்தாய் என்ற கிறிஸ்தவப் போதகருக்குச் சீடரானார். ஞானஸ்நானத்துக்காகக் குளத்தில் இறங்கிய அன்றும் தூதர்கள் கரையில் நின்றார்கள்.

"குளிக்கிறதுக்குக்கூட நம்மளக் கூட்டிட்டு வந்துட்டார்," என்றான் ரோமன்.

"முதுகு தேய்க்கச் சொல்லாதவரை சரி," என்றான் பார்த்தியன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி மத்தாய் முறையைச் சொன்னார்.

"மேற்கே திரும்பிச் சாத்தான்மேல துப்பணும். அப்புறம் கிழக்கே திரும்பிக் கர்த்தரைக் கும்பிடணும். யாரா இருந்தாலும் இதான்."

ராஜா அசையவில்லை.

"போதகரே, மேற்கே ரோம் இருக்கு. நான் துப்பினதை அந்த ரோமத் தூதன் போய்ச் சொன்னா, என் மூத்த பிள்ளை தலை போயிடும்."

"ம்."

"திசையை மாத்திக்கலாமா?"

"கிழக்கே துப்பினா?"

"சின்னவன் போயிடுவான்." ராஜா கண்ணை மூடிக்கொண்டார். "அலுத்துப் போச்சு, போதகரே. சாமி கும்பிடக்கூட எனக்குன்னு ஒரு திசை மிச்சமில்லை."

மத்தாய் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்து, ராஜாவுக்கு மேற்கே, முகத்துக்கு நேராக நின்றார்.

"துப்புங்க."

"உங்க மேலயா?"

"சிலுவைக்கு முன்னால கர்த்தர் மூஞ்சிலயே துப்பினாங்க. ஒரு பரதேசி மூஞ்சில ராஜா துப்பினார்னு யாரும் ரோமுக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க."

ராஜாவுக்கு வாய் உலர்ந்திருந்தது. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார்.

கரையில் ரோமன் சிரித்தான். "தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கு போல. அந்தக் கோபம்!"

பார்த்தியனும் சிரித்தான்.

எச்சில் மத்தாயின் கன்னத்தில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"கிழக்கே?" என்றார் ராஜா. "அங்கே பார்த்தியா இருக்கே. நான் யாரைக் கும்பிடுவேன்?"

மத்தாய் மறுபடியும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கிழக்கே வந்து நின்றார்.

"இப்போ யார் மேல துப்பினீங்களோ, அவரை."